திக்கும் குழந்தைக்கு ஸ்பீச் தெரபி: நாள், நேரம், இடைவெளி எல்லாம் எப்படித் திட்டமிடுவது

என் மகனுக்கு மூன்றே முக்கால் வயதில் திக்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வாரம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு திங்கட்கிழமை காலையில் "அ-அ-அ-அம்மா, த-த-தண்ணி" என்று நின்றான். சளி மாதிரி நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தோம். இரண்டு வாரம் போனது, திரும்பி வந்தது, இன்னும் கொஞ்சம் கெட்டியாக வந்தது.

இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. நடுவில் இருந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த தப்புகளில் பாதிக்குமேல் தேதியும் நேரமும் சம்பந்தப்பட்டவை. ஸ்லாட் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். தெரபிஸ்ட்டின் அறையில் வாரத்துக்கு முக்கால் மணி நேரம், மீதி நேரமெல்லாம் நம் வீட்டில்தானே? ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு நடக்கும் திக்கல் பயிற்சியில் பெரும்பகுதி வீட்டில், பெற்றோர் கையில் நடப்பது. அதனால் வீட்டுக்கான நேரத்தை முதலில் பிடியுங்கள், க்ளினிக் நேரத்தை அதற்கு அப்புறம் பொருத்துங்கள். நான் தெரபிஸ்ட் இல்லை, அம்மா. எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதை நாட்காட்டியில் எப்படி உட்கார வைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம்: தினக்காலண்டரும் செல்போனும்

அப்பாயிண்ட்மென்ட்டுக்கு போன் செய்யும் நாளிலிருந்தே குறிப்பு எழுதத் தொடங்குங்கள். திக்கல் அலை மாதிரி வரும், போகும். சில நாள் ஒரு வார்த்தைகூட ஒழுங்காக வராது, சில நாள் திக்கலே இருக்காது. அந்தத் திக்கலில்லாத நாள் பெரும்பாலும் நீங்கள் டாக்டரிடம் போகும் நாளாக அமையும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. குழந்தை மருத்துவர் முன்னால் உட்கார்ந்து டைனோசர் கதை முழுவதையும் தடங்கலில்லாமல் சொன்னான். "நல்லாத்தானே பேசறான்?" என்று அனுப்பிவிட்டார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பார்த்தது அதைத்தான்.

எங்கள் வீட்டில் தினத்தாள் கிழிக்கும் காலண்டர் உண்டு. ராத்திரி தாளைக் கிழித்து, பின்பக்கம் ஓர் எண் எழுதுவேன். அன்று திக்கலே இல்லையென்றால் 0, அவன் விஷயத்தில் நினைத்துப் பார்க்க முடிந்த மிக மோசமான நாள் என்றால் 9. தெரபிஸ்ட்டுகள் பயன்படுத்தும் அளவும் ஏறக்குறைய இதுதான். முதல் சந்திப்பில் உங்கள் எண்ணையும் தங்கள் எண்ணையும் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு சொல்: "சளி", "விருந்தாள்", "தூக்கம் போதவில்லை".

அப்புறம் வீடியோ. இரண்டு மூன்று நிமிடம் போதும், ஆனால் ரைம்ஸ் சொல்லும்போது எடுக்காதீர்கள். பாட்டிலும் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாடத்திலும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். "ஸ்கூல்ல அழகா சொல்றானே" என்று மிஸ் சொல்வது இதனால்தான். அவன் விளையாட்டுச் சாமானோடு உட்கார்ந்து தானாகப் பேசும்போது, கேமரா தெரியாமல் எடுங்கள். நல்ல நாளில் ஒன்று, மோசமான நாளில் ஒன்று.

எப்படித் திக்குகிறது என்பதையும் கவனியுங்கள். "எனக்கு எனக்கு வேணும்" என்று முழு வார்த்தையை ஓரிரு முறை திருப்புவது இந்த வயதில் பல குழந்தைகளிடமும் உண்டு. "நா-நா-நா-நான்" என்று துண்டாக வருவது, "ம்ம்ம்ம்மழை" என்று இழுப்பது, வாய் திறந்தபடி சத்தமே வராமல் அடைபடுவது என்ற மூன்றும்தான் திக்கல். கண்ணை இறுக மூடுவது, தலையை ஆட்டுவது, காலைத் தட்டுவது எல்லாம் கூடச் சேர்ந்தால் குறித்து வையுங்கள்.

காத்திருக்கலாமா?

திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்துக்கும் இடையில் தொடங்கும். நூறில் ஐந்து முதல் எட்டுக் குழந்தைகள்வரை ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், அவர்களில் நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே போய்விடுகிறது. "வளர வளரச் சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எந்தக் குழந்தை அந்த நான்காவது ஆள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

சில விஷயங்கள் இருந்தால் தானாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடும்பத்தில் வளர்ந்த பிறகும் திக்கிப் பேசுபவர் இருந்தால், மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், ஆறு மாதம் தாண்டியும் குறையாமலிருந்தால், உச்சரிப்பும் தெளிவில்லாமல் இருந்தால். ஆண் குழந்தைகளுக்கு நிலைத்துவிடும் வாய்ப்பு கூடுதல். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையே பேச்சைக் கைவிட ஆரம்பித்தால் அந்த வாரமே போக வேண்டும். என் மகன் ஒருநாள் கடையில் "நீயே சொல்லும்மா" என்று என் பின்னால் ஒளிந்தான். ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்டதை அன்றைக்கே நிறுத்தினோம்.

காத்திருப்பது என்று முடிவெடுத்தாலும் அசெஸ்மென்ட்டுக்கு இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். நல்ல இடங்களில் வரிசை நீளம். பரிசோதித்துப் பார்த்துவிட்டு "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று தெரபிஸ்ட் சொல்வது வேறு, நாமே வீட்டில் உட்கார்ந்து மூன்று மாதம் போக்குவது வேறு.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

எங்கள் தெரபிஸ்ட் முதல் நாளே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த வயதுக் குழந்தைகளுக்கு உலகில் அதிகம் ஆராயப்பட்ட முறை லிட்கம் முறை: திக்காமல் வந்த பேச்சைப் பெற்றோர் வீட்டில் பாராட்டிப் பழக்குவது. சிட்னியில் உள்ள ஒரு பகுதியின் பெயர் அது, அங்கே உருவானது. 2005இல் நியூசிலாந்தில் 54 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, சும்மா விட்டதைவிட இது தெளிவாகப் பலன் தருகிறது என்று காட்டியது.

அதில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வாரம் ஒருமுறை க்ளினிக்குக்குப் போவார்கள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். திக்கல் ஏறக்குறைய மறையும்வரை இது நடக்கும். எங்களுக்கு 18 வாரம் ஆனது, சிலருக்கு இதைவிடக் குறையும், சிலருக்குக் கூடும். இரண்டாம் கட்டத்தில் சந்திப்புகளின் இடைவெளி நீளும்: இரண்டு வாரம், மறுபடி இரண்டு, நான்கு, நான்கு, எட்டு, எட்டு, கடைசியாகப் பதினாறு. கூட்டிப் பாருங்கள், 44 வாரம். இரண்டும் சேர்த்து எங்களுக்கு 62 வாரம், ஒரு வருடத்துக்கும் மேல்.

குழந்தைக்கு ஆறு வயதாவதற்குள் இது முடிந்தால் நல்லது, பள்ளி வயதில் திக்கலை மாற்றுவது கடினமாகிக்கொண்டே போகும். ஒன்றாம் வகுப்பு ஜூனில் தொடங்குகிறது என்றால், அதற்கு முந்தைய வருடம் மார்ச், ஏப்ரலுக்குள்ளாவது முதல் கட்டத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். எல்.கே.ஜி. கோடை விடுமுறை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடும் நேரம் இல்லை, ஆரம்பிக்கும் நேரம்.

வேறு முறைகளும் உண்டு. லண்டனில் மைக்கேல் பேலின் பெயரிலுள்ள மையம் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை உரையாடல் முறையில், ஆறு வாரம் வாரம் ஒரு சந்திப்பு, அடுத்த ஆறு வாரம் வீட்டிலேயே. வீட்டில் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை ஐந்தைந்து நிமிடம் "ஸ்பெஷல் நேரம்", அவ்வளவுதான். பேச்சை நேரடியாகத் தொடும் லிட்கம் முறையையும், குழந்தையைச் சுற்றியுள்ள சூழலை மாற்றும் இன்னொரு முறையையும் நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் ஒப்பிட்டார்கள். 2015இல் வந்த முடிவுப்படி, ஒன்றரை வருடம் கழித்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகள் திக்கவில்லை. எனவே எந்த முறை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தெரபிஸ்ட் எதில் பயிற்சி பெற்றவரோ அது. அதன் கால அட்டவணை என்ன என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது

தமிழ்நாட்டில் இந்தத் துறையினரின் பலகை பெரும்பாலும் "ஹியரிங் எய்டு சென்டர்" என்றே இருக்கும். காதுக்கும் பேச்சுக்கும் ஒரே படிப்பு, பி.ஏ.எஸ்.எல்.பி. அதனால் பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்லவர்கள் பலகையிலேயே எழுதியிருப்பார்கள்.

அரசுப் பக்கம், ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடம் இருமுறை, அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறை வரும். அவர்கள் எழுதிக் கொடுத்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போகலாம். சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்திய பேச்சு–செவித்திறன் நிறுவனம், ஈரோடு, கோயம்புத்தூர்ப் பக்கத்தவர்கள் ஒருமுறை போய் அசெஸ்மென்ட் செய்துகொண்டு வர ஏற்ற தூரம்தான்.

போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "செஷன்ல நானும் உள்ள இருக்கலாமா?" நாங்கள் முதலில் போன ஓர் இடத்தில் குழந்தையை மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரைமணி நேரம் கழித்து "நல்லா கோஆபரேட் பண்றான்" என்பார்கள். ஏழு வாரம் போனது. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆறு வயதுக்குள் உள்ள திக்கலுக்குப் பெற்றோரைக் கதவுக்கு வெளியே உட்கார வைக்கும் இடம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

முதல் சந்திப்பு

ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். காது பரிசோதனையும் அன்றே செய்வார்கள் என்றால் இன்னும் கூடும். எப்போது தொடங்கியது, திடீரென்றா மெதுவாகவா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, வீட்டில் என்னென்ன மொழி என்றெல்லாம் கேட்பார்கள். என் கணவரின் சித்தப்பாவுக்குத் திக்கல் இருந்தது என்ற விஷயம் அன்றுதான் எனக்கே தெரியும். "அதெல்லாம் எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு" என்று நினைத்து அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பதினைந்து காலண்டர் தாளும் இரண்டு வீடியோவும் கொண்டு போனேன், கதை சொல்லும் வேலை பாதியானது.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்பதால் திக்கல் வந்ததோ என்று கேட்டேன். இரண்டு மொழி திக்கலை உண்டாக்காது, ஒரு மொழியை நிறுத்தத் தேவையில்லை என்றார். நாக்குக்கு அடியில் வெட்ட வேண்டுமா என்று அத்தை கேட்டு அனுப்பியிருந்தார். அதுவும் வேண்டாம்.

முதலில் வீட்டின் பதினைந்து நிமிடம்

ஸ்லாட் பேசும் முன் இதை முடிவு செய்யுங்கள். லிட்கம் முறையில் தினமும் 10 முதல் 15 நிமிடம், ஒரே ஒரு பெரியவர், ஒரே ஒரு குழந்தை, டி.வி. அணைத்து, செல்போன் வேறு அறையில்.

நான் முதலில் ராத்திரி எட்டரைக்கு வைத்தேன். சாப்பாடு முடிந்து, பாத்திரம் போட்டுவிட்டு வந்து உட்கார்வேன். அவனுக்குத் தூக்கம், எனக்கு அலுப்பு. தூக்கக் கலக்கத்தில் திக்கல் கூடியது, நான் பாராட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது. இரண்டாவது, காலை ஏழு மணி. அது குக்கர் விசிலுக்கும் ஷூ லேஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்றாவதாக, மத்தியானம் தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு, நாலேகால் மணி. அது நின்றது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இந்த நேரம் முடியாது. என் தோழி வீட்டில் அவள் கணவர் காலை ஆறரைக்குக் குழந்தையோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவார், செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே அவர்கள் பயிற்சி நடக்கும். குழந்தை தெளிவாக இருக்கும் நேரம், உங்களுக்குப் பதற்றமில்லாத நேரம், இரண்டும் சந்திக்கும் புள்ளியைத் தேடுங்கள். முடிந்தால் நாளின் முற்பகுதியில் வையுங்கள், அந்தச் சரளம் அன்றைய பொழுதுக்கும் கொஞ்சம் ஒட்டும்.

நாங்கள் சொப்புச் சாமான் வைத்துக் கடை விளையாடுவோம். மோசமான நாளில் ஒரு வார்த்தையில் பதில் வரும் கேள்விகள்: "இது என்ன?" "கத்திரிக்கா." "வழுவழுன்னு வந்துச்சே!" எண் இறங்கிய நாளில் நீளமான பேச்சுக்கு வழி விடுவேன்: "இதை வச்சு என்ன சமைக்கலாம்?" எப்போதாவது, ஐந்து பாராட்டுக்கு ஒன்று என்கிற கணக்கில், "அந்த வார்த்தை லேசா முட்டுச்சுல்ல" என்று சாதாரணமாகச் சொல்வேன். "முட்டுது" என்பது அவனே வைத்த பெயர். இப்படிச் சொல்வதைத் தெரபிஸ்ட் பழக்கிவிடும் முன் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். தொனி கொஞ்சம் மாறினாலும் திருத்துவது போலாகிவிடும்.

இப்போது ஸ்லாட்

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். மாற்றி மாற்றி வாங்கினால் இரண்டாம் மாதத்தில் விட்டுப்போகும். மாலை ஐந்து முதல் ஏழு வரையும் சனிக்கிழமையும் முதலில் நிரம்பும். நான்கு வயதுக் குழந்தைக்கு மாலை ஆறரை நல்ல நேரமும் இல்லை. எல்.கே.ஜி. பன்னிரண்டரைக்கு முடிந்தால், தூங்கி எழுந்த பிறகு மூன்றரை முதல் ஐந்துக்குள் கேளுங்கள். போக்குவரத்துக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் தூங்கிப்போன குழந்தையை எழுப்பி உட்கார வைத்து எந்தத் தெரபியும் நடக்காது.

எங்களுக்குக் கிடைத்தது செவ்வாய் நாலு மணி. அத்தை காலண்டரைப் பார்த்துவிட்டு "செவ்வா மூணுலேர்ந்து நாலரை ராகு காலம்" என்றார். அந்த ஸ்லாட் ஏன் காலியாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது! மூன்று மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் தோஷமில்லை என்று அவரே தீர்ப்பும் சொன்னார். வழியில் இளநீர் குடித்துவிட்டுப் போவது வழக்கமானது. ராகு காலத்தில் காலியான ஸ்லாட்டுகள் உங்கள் ஊரிலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

போகிறவர் ஒருவரே தொடர்ந்து போவது நல்லது. ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் மாமா என்றால் வீட்டுப் பயிற்சி யார் கையிலும் நிற்காது. ஊரில் தெரபிஸ்ட் இல்லை, அல்லது போய்வர மூன்று மணி நேரம் என்றால் வீடியோ காலில் நடத்துபவரைத் தேடலாம். லிட்கம் முறையை வெப்கேம் வழியாக நடத்தியபோதும் நேரில் நடத்தியதற்குக் குறைவில்லை என்று 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்தது. வீடியோ காலிலும் பேசுவது பெரும்பாலும் உங்களோடுதான், குழந்தை ஒரு மணி நேரம் திரைமுன் உட்கார வேண்டியதில்லை.

தடங்கல் வரும் வாரங்கள்

காய்ச்சல் என்றால் க்ளினிக்குக்குப் போக வேண்டாம், ஆனால் முந்தைய நாளே போன் செய்து அந்த வாரத்தின் ஏழு எண்களை மட்டும் சொல்லிவிடுங்கள். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே தெரபிஸ்ட்டிடம் கொடுத்துவிட்டால் அவரும் அதற்கேற்பத் திட்டமிடுவார். கூட்டம், உற்சாகம், தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்து பண்டிகை வாரத்தில் எண் ஏறுவது சகஜம். பயிற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு க்ளினிக் சந்திப்பு தவறினால் சமாளிக்கலாம். வீட்டுப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து நாலு நாள் தவறினால் அடுத்த வாரத் தாளில் தெரிந்துவிடும்.

பள்ளியில் மிஸ்ஸிடம் ஒரு வரி போதும்: அவன் முடிக்கும்வரை காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவிட வேண்டாம். வீட்டில் கொஞ்சம் கஷ்டம். "மெதுவாப் பேசுடா கண்ணு, மூச்சு விட்டுப் பேசு" என்று அத்தை அன்போடு சொல்வார், அவன் இன்னும் இறுகுவான். நாக்கில் வசம்பு வேறு. நான் சொன்னபோது கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கூடவே கூட்டிப்போனேன். தெரபிஸ்ட் அரைமணி நேரம் அவரோடு பேசினார். "வயசானவங்களுக்குத்தாம்மா பொறுமையாக் கேக்கத் தெரியும்" என்று சொன்னதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் பேசும்போது பேசாமல் கேட்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பெரியவர்களுக்காக ஒரு செஷனை ஒதுக்குவது வீணில்லை.

இடைவெளி நீளும்போது

தொடர்ந்து மூன்று வாரம் தினசரி எண் 0 அல்லது 1, ஒவ்வொரு வாரத்திலும் ஏழில் நான்கு நாளாவது 0 என்று வந்தால், லிட்கம் முறையில் இரண்டாம் கட்டத்துக்கு நகர்த்துவார்கள். இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். குழந்தை நன்றாகப் பேசுகிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதற்கு லீவு போட்டுப் போவது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் திக்கல் திரும்பும் பழக்கம் உள்ளது. இரண்டாம் கட்டத்தின் ஏழு சந்திப்புத் தேதிகளையும் அன்றைக்கே தெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து எழுதி, செல்போனில் நினைவூட்டலும் வைத்துவிடுங்கள். பதினாறு வாரம் கழித்து வரும் தேதி தானாக ஞாபகம் வராது. வீட்டுப் பயிற்சியையும் ஒரேயடியாக நிறுத்தாமல், தெரபிஸ்ட் சொல்லும் வேகத்தில் குறையுங்கள்.

எண் ஏறினால் அடுத்த தேதிவரை பொறுத்திருக்க வேண்டாம். எங்களிடம் சொன்ன விதி, ஒரு வாரத்தில் இரண்டு மூன்று நாள் 2க்கு மேல் போனால் போன் செய்ய வேண்டும் என்பது. யு.கே.ஜி. ஆண்டுவிழா சமயத்தில் ஒருமுறை 3, 4 என்று போனது. கூப்பிட்டேன். எட்டு வார இடைவெளியை இரண்டாகக் குறைத்து, நாலேகால் மணி சொப்புக் கடையை மறுபடி தினமும் திறக்கச் சொன்னார். ஒரு மாதத்தில் இறங்கியது. கடைசிச் சந்திப்பு மட்டும் எழுதி வைத்த தேதியிலிருந்து ஆறு வாரம் தள்ளி, ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அத்தை ராகு காலம் பார்க்கவில்லை, அவரும் கூட வந்தார்.